மாதம் ஆயிரம் டாலர் சம்பளத்தில் நாற்பத்தாறு ஆண்டுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 12,000 டாலர். மாதம் ஆயிரம். அங்குள்ள ஓமாஹா நகரில் இரண்டு படுக்கையறை வீட்டு வாடகைக்கே அது பற்றாது. ஏதோ ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்த தொகை இல்லை இது. 1988-ல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது. அதற்கு முன் மாதம் 400 டாலர்தான். கொஞ்சம் கூட்டித் தரலாமா என்று 2012-ல் மறுபடி மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பயணப்படி தனியாக உண்டு. அதையும் சேர்த்தாலும் இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

எம்.எல்.ஏ. என்றால் வெள்ளைச் சட்டை, பெரிய கார், பின்னால் பத்துப் பேர் என்று பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் விளங்கவே இல்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் கீழவைக்கு மட்டும் 400 பேர். சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். டெக்சாஸில் 7,200 டாலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நியூ யார்க்கில் மட்டும் 1,42,000 டாலர். ஆக, பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் வக்கீல்கள், விவசாயிகள், வீடு விற்கும் ஏஜெண்டுகள், ஓய்வு பெற்றவர்கள். கையில் வேறு வருமானம் இருக்கிறவர்கள். இளம் வயதில் வருகிறவர்களுக்கு இது ஒரு படி. ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டில் இருந்தது போல. ஏறிப் போய்விட்டால் அப்புறம் யாரும் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எர்னி சேம்பர்ஸ். ஓமாஹாவின் 11-ஆவது தொகுதி. 1971 ஜனவரியில் உள்ளே வந்தார். 2009-ல் சட்டம் போட்டு வெளியே அனுப்பினார்கள். 2013-ல் திரும்பி வந்தார். 2021-ல் மறுபடி வெளியேறினார். மொத்தம் 46 ஆண்டுகள், ஒரே தொகுதி. எந்தக் கட்சியிலும் இல்லை.

நான் வேலைக்காக ஓமாஹா வந்த புதிதில் அவர் பெயர் காதில் விழுந்தது, பெரும்பாலும் எரிச்சலோடு. அலுவலகத்தில் சாப்பாட்டு மேஜையில் அவர் பேச்சு வந்தால் தலையை ஆட்டுவார்கள், கண்ணை உருட்டுவார்கள். 2007-ல் சென்னையிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்து, “ஏன்டா, உங்க ஊர் எம்.எல்.ஏ. கடவுள் மேல கேஸ் போட்டிருக்காராமே?” என்று சிரித்தான். ஆமாம், போட்டிருந்தார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். உலகத்துக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு செய்திதான் என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

முதலில் அந்த மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அவர் புரியமாட்டார்.

அமெரிக்க மாநிலங்களில் நெப்ராஸ்காவில் மட்டும்தான் சட்டமன்றத்துக்கு ஒரே அவை. ஜார்ஜ் நாரிஸ் என்ற அமெரிக்க செனட்டர் ஊர் ஊராகக் காரில் போய்ப் பேசி, 1934-ல் மக்களிடம் ஒப்புதல் வாங்கினார். இரண்டு அவைகள் இருந்தால், கடைசியில் இரண்டிலிருந்தும் சிலர் மூடிய அறையில் உட்கார்ந்து பேரம் பேசித்தான் சட்டம் எழுதுகிறார்கள், யார் என்ன செய்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரிவதே இல்லை என்பது அவர் வாதம். 1937-ல் ஒற்றை அவை கூடியது. (நம் ஊரில் மேலவையை 1986-ல் கலைத்த காரணமே வேறு. அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.) மாநிலத் தலைநகர் லிங்கனில் இருக்கும் தலைமைச் செயலகக் கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1932-ல், இரண்டு அவைக்கும் தனித்தனி மண்டபத்தோடு கட்டி முடிக்கப்பட்டிருந்தது. சுற்றிக் காட்டுகிறவர்கள் கிழக்கு மண்டபத்துக்கு நம்மை அழைத்துப் போவார்கள். செதுக்கு வேலை செய்த கனமான மரக்கதவு, அழகான கூரை, வரிசையாக நாற்காலிகள். விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் மட்டும் திறக்கிறார்கள். வேலை நடப்பது மேற்கு மண்டபத்தில்.

அங்கே 49 பேர். எல்லோரையும் செனட்டர் என்றுதான் அழைக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 40,000 பேர். நம் ஊரில் ஒரு பெரிய பேரூராட்சி அளவு. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆளுங்கட்சி வரிசை, எதிர்க்கட்சி வரிசை என்று பிரித்து உட்கார்வதும் இல்லை. ஒவ்வொரு மசோதாவுக்கும் பொதுமக்கள் வந்து பேசும் விசாரணை கட்டாயம். அப்புறம் மூன்று சுற்று விவாதம். ஒற்றைப்படை ஆண்டில் 90 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள் கூட்டம், அவ்வளவுதான். மண்டபத்துக்கு வெளியே வட்டக்கூடத்தில் லாபிக்காரர்கள், அதாவது கம்பெனிகளுக்காகவும் அமைப்புகளுக்காகவும் செனட்டர்களிடம் ஆதரவு தேடுகிறவர்கள், நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே போக அனுமதி இல்லை. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வேலைக்கு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அதை உள்ளே செனட்டரிடம் கொண்டுபோய்த் தருவார்கள். அவர் எழுந்து வெளியே வருவார். நான் மாடத்தில் உட்கார்ந்து பார்த்த நாளில் கீழே நடந்த விவாதத்தைவிட இந்தச் சீட்டுப் போக்குவரத்துதான் சுவாரசியமாக இருந்தது.

60 நாள் என்பது கல்யாண மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது போல. நேரம் முடிந்தால் தாலி கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு செனட்டரும் தன் மசோதா இந்த நாட்களுக்குள் மூன்று சுற்றையும் தாண்ட வேண்டும் என்று தவிப்பார். எனவே அங்கே பணத்தைவிட மதிப்பான சரக்கு நேரம். இதைச் சேம்பர்ஸ் மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். அவருக்கு என்று அவசரமான மசோதாக்கள் அதிகம் கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. அதுதான் அவர் பலம்.

எப்படி என்று பாருங்கள். ஒரு தீர்மானத்தின் மீது ஒரு செனட்டர் மூன்று முறை, முறைக்கு ஐந்து நிமிடம் பேசலாம். திருத்தம் கொண்டுவந்தால் அறிமுகம் செய்ய இன்னும் பத்து நிமிடம். ஒரு திருத்தம் தோற்றால் இன்னொன்று. மசோதாவை ஒத்திவை என்று ஒரு தீர்மானம், குழுவுக்குத் திருப்பி அனுப்பு என்று ஒன்று, காலவரையின்றித் தள்ளிவை என்று ஒன்று, இப்போது நடந்த வாக்கெடுப்பையே மறுபரிசீலனை செய் என்று ஒன்று. எல்லாம் விதிப் புத்தகத்தில் இருப்பவைதான். புத்தகத்தை முழுக்கப் படித்திருக்க வேண்டும், அவ்வளவே. அவர் படித்திருந்தார். மற்றவர்கள் அனுப்பும் மசோதாக்களையும் வரி வரியாகப் படிப்பார். ‘மற்றும்’ போட வேண்டிய இடத்தில் ‘அல்லது’ போட்டிருந்தால் எழுந்துவிடுவார். நடுவே தானே எழுதிய எதுகை மோனைப் பாட்டுகளை வாசிப்பார், பைபிளை மேற்கோள் காட்டுவார். போதகரின் மகன், வேதம் அத்துப்படி. நிறுத்த வேண்டுமானால் 33 வாக்கு வேண்டும். 49 பேரில் 33 பேரைத் திரட்டுவது லேசில்லை.

இதனால் ஒரு பழக்கம் வந்தது. மசோதாவைத் தாக்கல் செய்வதற்கு முன், இதில் எர்னிக்கு என்ன பிடிக்காது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். சட்டமாகாமலே போன மசோதாக்களுக்குக் கணக்கு எங்கேயும் இருக்காது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சாதனைப் பட்டியலைப் போடும்போது அவர் நிறைவேற்றிய சட்டங்களைத்தான் எண்ணுகிறோம். அவர் விஷயத்தில் அந்த எண்ணிக்கை பாதிக் கதைதான். தடுத்தவை, பல்லைப் பிடுங்கியவை, பயத்திலேயே தாக்கலாகாமல் போனவை என்று மீதிப் பாதி இருக்கிறது.

சரி, ஆள் எங்கிருந்து வந்தார்? 1937-ல் ஓமாஹாவில் பிறந்தவர். வடக்கு ஓமாஹா என்பது கறுப்பின மக்கள் வாழும் பகுதி. மால்கம் எக்ஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஒரு காலத்தில் இறைச்சித் தொழிற்சாலைகளும் ரயில் கம்பெனியும் அந்தப் பகுதி ஆண்களுக்கு வேலை கொடுத்தன. 1960-களின் கடைசியிலிருந்து இறைச்சித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. குடியிருப்பின் நடுவே நெடுஞ்சாலை போட்டு ஊரை இரண்டாக்கினார்கள். மேற்கு ஓமாஹாவில் வீடு வாங்கும் நம் ஆட்களிடம் இன்றைக்கும் யாராவது ஒருவர் காதோடு காதாக, “24-ஆம் தெரு அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்க” என்பார். நானும் ரொம்ப நாள் போனதில்லை.

சேம்பர்ஸ் க்ரைட்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டுத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். 1963-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். கீழ்ப்படியவில்லை என்று காரணம் சொன்னார்கள். கறுப்பின ஊழியர்களை நடத்தும் விதத்தைப் பற்றிப் பேசியதுதான் காரணம் என்று அவர் சொன்னார். அப்புறம் ஸ்பென்சர் தெருவில் ஒரு சலூனில் முடிவெட்டினார். அங்கே 1960-களின் நடுவில் ஓர் ஆவணப்படக் குழு வந்து படம் பிடித்தது. ஒரு வெள்ளையின லூத்தரன் சபைப் பாதிரியார் கறுப்பினச் சபையோடு உறவு ஏற்படுத்திக்கொள்ள நினைத்துச் சலூனுக்கு வருகிறார். வாடிக்கையாளர் நாற்காலியில் இருக்க, கத்தரியை நிறுத்தாமல் சேம்பர்ஸ் அந்தப் பாதிரியாரிடம் பேசுகிறார். கோபத்தில் குரல் உயரவில்லை. உங்கள் மதமும் உங்கள் சட்டமும் எங்களிடம் எப்படி நடந்துகொண்டன என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பாதிரியாரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பள்ளி வாரியத் தேர்தலிலும் நகரசபைத் தேர்தலிலும் தோற்றார். 1970-ல் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது ஓமாஹா நகரசபைக்கு ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் முறை. வடக்கு ஓமாஹா மக்கள் எல்லோரும் சேர்ந்து வாக்களித்தாலும், ஊரில் சிறுபான்மை என்பதால், தங்கள் ஆளை அனுப்ப முடியாது. சட்டமன்றத்துக்கோ வட்டாரத் தொகுதி. அதனால்தான் அங்கே நுழைய முடிந்தது. நுழைந்தவர் சும்மா இருக்கவில்லை. நகரசபைக்கும் வட்டாரவாரியாகத் தேர்தல் நடக்க வேண்டும் என்று மசோதாவை ஆண்டுக்கணக்கில் விடாமல் கொண்டுவந்து, கடைசியில் சட்டமாக்கினார். 1981-ல் ஃபிரெட் கான்லி ஓமாஹா நகரசபையின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். எனக்குக் கேட்டால் சேம்பர்ஸ் செய்த வேலைகளிலேயே நிலைத்து நிற்பது இதுதான் என்பேன். மற்ற பல சாதனைகள் திரும்பிப் பறிபோயின. இது போகவில்லை.

உள்ளே அவர் பெரும்பாலான ஆண்டுகள் ஒரே கறுப்பின உறுப்பினர். கோட்டும் டையும் போட்டவர்கள் நடுவே அரைக்கை டி-ஷர்ட், ஜீன்ஸ். தினமும் ஓமாஹாவிலிருந்து லிங்கனுக்கு ஐம்பது மைலுக்கு மேல் கார் ஓட்டி வருவார். லாபிக்காரர்கள் தரும் விருந்துகளுக்குப் போகமாட்டார். க்ரைட்டனிலேயே சட்டம் படித்து 1979-ல் பட்டமும் வாங்கினார். ஆனால் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளவில்லை.

காலையில் கூட்டம் தொடங்கும்போது ஜெபம் நடக்கும். அப்போது அவர் உள்ளே இருக்கமாட்டார். ராபர்ட் பால்மர் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் 1965-லிருந்து ஜெபம் செய்துவந்தார். அவருக்குச் சம்பளம், கூட்டம் நடக்கும் மாதங்களில், மாதம் 319 டாலர் 75 சென்ட், அரசுப் பணத்திலிருந்து. அன்றைக்கு ஒரு செனட்டரின் சம்பளம் மாதம் 400 என்பதை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சட்டம் எழுதுகிறவருக்கும் காலையில் இரண்டு நிமிடம் ஜெபிக்கிறவருக்கும் 80 டாலர்தான் வித்தியாசம். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இது விரோதம் என்று சேம்பர்ஸ் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் பாதி ஒப்புக்கொண்டது: ஜெபிக்கலாம், சம்பளம் கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மொத்தமாக ஒப்புக்கொண்டது. 1983 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முதல் அமெரிக்கக் காங்கிரஸே சம்பளம் கொடுத்துப் போதகர் வைத்திருந்தது, ஆகவே சாசனத்தை எழுதினவர்களுக்கு இது தப்பாகப் படவில்லை என்பது வாதம். இன்றைக்கும் அமெரிக்காவில் அரசுக் கூட்டங்களில் ஜெபம் பற்றி எந்த வழக்கு வந்தாலும் முதலில் புரட்டுவது ‘மார்ஷ் எதிர் சேம்பர்ஸ்’ தீர்ப்பைத்தான். ஜெபத்தை எதிர்த்தவர் பெயர் ஜெபத்துக்குக் காவலாக நிற்கிறது. இந்த நாத்திகம், சட்டை, கூர்மையான நாக்கு எல்லாம் சேர்ந்து நம் வாசகருக்கு யாரை நினைவூட்டும் என்று தெரியும். அந்த ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை. இரண்டு பேருக்கும் அது நியாயம் செய்யாது.

கடவுள் வழக்குக்கு வருவோம். 2007 செப்டம்பரில், டக்ளஸ் மாவட்ட நீதிமன்றத்தில், கடவுள் பிரதிவாதி. பூகம்பம், வெள்ளம், பஞ்சம் என்று கோடிக்கணக்கானவர்களைக் கொல்கிறார், மிரட்டுகிறார், நிரந்தரத் தடை உத்தரவு வேண்டும் என்று மனு. நீதிமன்றக் கதவு யாருக்கும் மூடியிருக்கக் கூடாது, யார் மீது வேண்டுமானாலும் யாரும் வழக்குத் தொடரலாம் என்பதைக் காட்டத்தான் இது என்றார். அற்பமான வழக்குகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அப்போது பேச்சு இருந்தது. அடுத்த ஆண்டு நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார்: சம்மன் சார்பு செய்யப் பிரதிவாதிக்கு முகவரி இல்லை. சேம்பர்ஸ் விட்டாரா? கடவுள் எல்லாம் அறிந்தவர் என்று நீதிமன்றமே ஏற்கிறதல்லவா, அப்படியானால் இந்த வழக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும், தனியாக எதற்குச் சம்மன் என்று கேட்டார். உலகப் பத்திரிகைகள் சிரித்துவிட்டு நகர்ந்தன.

1980-ல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை யாரும் இப்படிப் பேசுவதில்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் கம்பெனிகளிலிருந்து மாநிலத்தின் ஓய்வூதிய முதலீட்டை எடுத்துவிட வேண்டும் என்ற தீர்மானம். அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஒரு நிலைப்பாட்டை முதலில் எடுத்தது சோளமும் மாடும் தவிர வேறு எதற்கும் பெயர் வாங்காத நெப்ராஸ்கா. 1984-ல் அது கட்டுப்படுத்தும் சட்டமாகவே ஆனது. ஆளுநர் பாப் கெர்ரி கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அவர் வாழ்க்கையின் நீண்ட போர் மரண தண்டனைக்கு எதிரானது. கூட்டத்தொடர் தவறாமல் ஒழிப்பு மசோதாவைத் தாக்கல் செய்வார். 1979-ல் மன்றம் அதை நிறைவேற்றியே விட்டது; ஆளுநர் சார்லஸ் தோன் வீட்டோ செய்தார். (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.) 2007-ல் ஒரே வாக்கில் தோற்றது, 24-க்கு 25. 2008-ல் மாநில உச்ச நீதிமன்றம் மின்சார நாற்காலி கொடூரமானது என்று தடை செய்தது. சட்டமன்றம் அடுத்த ஆண்டு விஷ ஊசிக்கு மாறியது.

2015 மே மாதம் ஒழிப்பு மசோதா எல்.பி. 268 என்ற எண்ணில் வந்தது (எல்.பி. என்றால் சட்டமன்ற மசோதா). இந்த முறை ஒரு மாற்றம். குடியரசுக் கட்சிப் பழமைவாதிகளே ஒரு கூட்டம் ஒழிப்பு பக்கம் வந்திருந்தார்கள். சிலருக்குக் கத்தோலிக்க நம்பிக்கை. சிலருக்குச் செலவுக் கணக்கு. சிலருக்கு, ஒரு சாலையைக்கூட ஒழுங்காகப் போடாத அரசாங்கத்திடம் உயிரை எடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதா என்ற சந்தேகம். 32-க்கு 15 என்று நிறைவேறியது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் 26-ஆம் தேதி வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்க 30 வாக்கு வேண்டும். மறுநாள் பிற்பகல் அலுவலகத்தில் வேலையை ஓரமாக வைத்துவிட்டு நேரடி ஒளிபரப்பைப் பார்த்தேன். பெயர் பெயராக அழைத்தார்கள். 30-க்கு 19. ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் குடியரசுக் கட்சி ஆதிக்கம் உள்ள எந்த மாநிலமும் செய்யாத காரியம். சேம்பர்ஸுக்கு அப்போது வயது 77.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊசிக்கான மருந்து அமெரிக்காவில் கிடைக்கவில்லை. கம்பெனிகள் விற்க மறுத்தன. ரிக்கெட்ஸ் அரசு கொல்கத்தாவைச் சேர்ந்த ஓர் இடைத்தரகரிடம் 54,400 டாலர் கொடுத்து ஆர்டர் செய்தது. இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதிக்கவில்லை. மருந்தும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. மரண தண்டனை ஆதரவாளர்கள் கையெழுத்து வாங்கிப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆளுநரும் அவருடைய கோடீஸ்வரத் தந்தையும் சொந்தப் பணம் போட்டார்கள். 2016 நவம்பரில் 61 சதவீதம் பேர் மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2018 ஆகஸ்டில் நெப்ராஸ்கா ஒருவருக்குத் தண்டனையை நிறைவேற்றியது. 1997-க்குப் பிறகு முதல் முறை. ஃபெண்டனில் என்ற வலி மருந்து சேர்த்த ஊசி, அமெரிக்காவிலேயே முதல் தடவை. தண்டிக்கப்பட்டவர் இரண்டு டாக்சி ஓட்டுநர்களைக் கொன்றது 1979-ல். சேம்பர்ஸின் மசோதா முதன்முதலாக நிறைவேறி வீட்டோவில் செத்த அதே ஆண்டு.

அவரை ஒரேயடியாகத் தூக்கிவைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. 2006-ல் ஓமாஹா பள்ளி மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பிரிவு கிட்டத்தட்ட கறுப்பர், வெள்ளையர், லத்தீன் மக்கள் என்று விழுந்தது. இனப் பிரிவினையை ஒழிக்க ஆயுள் முழுக்கப் போராடியவரே இதைச் செய்வதா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள், வழக்கு வந்தது. பள்ளிகள் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகளின் பள்ளியை நாங்களே நடத்த விடுங்கள் என்பது அவர் பதில். அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். அவர் கேள்வி நியாயமானது, கொண்டுவந்த மருந்து தவறு என்று நான் நினைக்கிறேன். 2015-ல் ஒரு குழு விசாரணையில் போலீஸை ஐ.எஸ். தீவிரவாதிகளோடு ஒப்பிட்டுப் பேசியதில், மரண தண்டனை விஷயத்தில் அவர் பக்கம் நின்றவர்களே சங்கடப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. மலைச்சிங்க (பூமா) வேட்டையைத் தடை செய்ய 2014-ல் மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் வீட்டோ செய்ததும், வனவிலங்குத் துறை சம்பந்தப்பட்ட மசோதாக்களையெல்லாம் குறிவைத்து இழுத்தடித்தார். சம்பந்தமில்லாதவர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். நேரத்தை ஆயுதமாக எடுத்தால் இப்படித்தான். வெட்டுக் காயம் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் எதிரிகளும் கடைசியில் கடிகாரத்தையே கையில் எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் பதவிக்கால வரம்பு வந்தது: தொடர்ந்து இரண்டு முறை, அதாவது எட்டு ஆண்டுக்கு மேல் கூடாது. எர்னியை வீட்டுக்கு அனுப்ப வேறு வழி தெரியாமல்தான் இந்தச் சட்டம் என்று ஓமாஹாவில் பரவலாகச் சொல்வார்கள். மற்ற மாநிலங்களிலும் அந்தக் காலத்தில் இதே அலை அடித்தது, எனவே முழுக் காரணம் அவர் மட்டும் இல்லை. ஆனால் அவருடைய தொகுதி மக்களால் அவரைத் தோற்கடிக்க முடியும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. மாநிலம் முழுக்க வாக்குப் போட்டால் முடியும். நகரசபைத் தேர்தலில் வடக்கு ஓமாஹாவுக்கு நடந்த அதே கணக்கு.

சட்டத்தில் ‘தொடர்ந்து’ என்ற நிபந்தனை இருந்ததால் நான்கு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, 2012-ல் தன் இடத்தில் வந்தவரையே தோற்கடித்துத் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் மன்றமே மாறியிருந்தது. ஆறேழு ஆண்டு அனுபவம் உள்ளவர்தான் அங்கே மூத்தவர். விதிப் புத்தகத்தைக் கற்றுக்கொள்ளவே நான்கு ஆண்டு ஆகிறது, கற்றதும் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. வெளியே வட்டக்கூடத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கும் லாபிக்காரருக்குக் கால வரம்பு கிடையாது. பத்து ஆண்டுக்கு முன் இந்த மசோதா ஏன் தோற்றது என்று ஒரு புது செனட்டர் யாரிடம் கேட்பார்? உள்ளே சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெளியே இருப்பவரிடம்தான். பதவிக்கால வரம்பை எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. நம் ஊருக்கும் வேண்டும் என்றுகூடப் பேசியிருக்கிறேன். இந்த மன்றத்தைப் பார்த்த பிறகு அந்த உற்சாகம் குறைந்துவிட்டது.

2021 ஜனவரியில் அவர் இரண்டாம் முறை வெளியேறினார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவரோடு மன்றத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஓமாஹாவைச் சேர்ந்த மக்கேலா கேவனா, ஜனநாயகக் கட்சிக்காரர். 2023-ல் திருநர் சிறுவர்களுக்கான மருத்துவத்தைத் தடுக்கும் எல்.பி. 574 வந்தபோது, அதைக் கைவிடும் வரை எந்த மசோதாவையும் விடமாட்டேன் என்று எழுந்து நின்றார். வாரக்கணக்கில் எல்லா மசோதா மீதும் பேசினார். கிடைத்த தலைப்பையெல்லாம் பேசினார். 90 நாளில் பாதிக்கு மேல் கரைந்தது. மற்றவர்கள் தனித்தனி மசோதாக்களைப் பத்து பதினைந்தாக ஒரே மூட்டையாகக் கட்டி நிறைவேற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். மே மாதத்தில் எல்.பி. 574-ஐயும் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டோடு சேர்த்து நிறைவேற்றினார்கள். விவாதத்தை நிறுத்த 33 வாக்கு வேண்டும். சரியாக 33 கிடைத்தது.

கேவனா 2018-ல் முதல் முறையும் 2022-ல் இரண்டாம் முறையும் ஜெயித்தவர். அவருடைய எட்டு ஆண்டு 2027 ஜனவரியில் முடிகிறது.